இருவருக்கு ஏழு இரவு குரூஸ்: கோலாலம்பூர், பினாங்கிலிருந்து கிளம்புவோருக்கு

ஏழு இரவு குரூஸ் என்றதும் பலரும் முதலில் கேட்பது எந்தக் கப்பல் என்றுதான். எந்த மாதம் போகிறோம், எந்தப் பக்கத்துக் கடல், எத்தனை நாள் கரை தொடாமல் கப்பல் ஓடும் என்பவற்றை அதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஓய்வெடுக்கப் போகும் கணவன் மனைவிக்குக் கப்பலின் பெயர் நாலாவது கேள்வி.

மலாக்கா நீரிணைக்கு ஒருபுறம் தீபகற்பம், மறுபுறம் சுமத்ரா. இரண்டு கரையும் காற்றை மறிப்பதால் அங்கே ஆண்டு முழுதும் பெரிய அலை எழுவது குறைவு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியலுக்குச் சற்று முன் சுமத்ரா பக்கமிருந்து புயல்மழை வந்து, ஒன்றிரண்டு மணி நேரம் அடித்துவிட்டு ஓயும். பெரிய கப்பலில் தூங்குகிறவருக்கு அது தெரியாமலேகூடப் போகும். அந்தமான் கடல் வேறு கதை. மே முதல் அக்டோபர் வரை புக்கெட் பக்கம் அலை அதிகம். தென்சீனக் கடலோ நவம்பர் முதல் மார்ச் வரை முரடு. கிளந்தான், திரங்கானு மீனவர்கள் படகைக் கரையேற்றி வைக்கும் காலம் அது. ஆகவே ஆண்டுக் கடைசியில் போவதானால் பினாங்கு, லங்காவி, புக்கெட் வழி. ஆண்டு நடுவில் போவதானால் வியட்நாம், தாய்லாந்து வளைகுடா வழி. மாற்றி எடுத்தால் பாதிப் பயணம் படுக்கையில் கழியும்.

அடுத்தது நாள் கணக்கு. ஏழு இரவில் மூன்று துறைமுகம், மூன்று கடல் நாள் என்றிருந்தால் நல்லது. ஐந்து துறைமுகம் போட்டிருக்கும் பயணம் விளம்பரத்தில் அழகாக இருக்கும், உடம்பில் அலுப்பாக இறங்கும். அட்டவணையில் ‘பாங்காக்’ என்று எழுதியிருந்தாலும் பெரிய கப்பல் நிற்பது லெம் சபாங்கில். அங்கிருந்து நகரத்துக்குப் பேருந்தில் ஏறக்குறைய 2 மணி நேரம், திரும்பவும் அதே 2 மணி நேரம். ஹோ சி மின் நகருக்குப் பூ மை துறைமுகத்திலிருந்தும் கிட்டத்தட்ட அதே நேரந்தான்.

<b>எங்கே ஏறுவது</b>

கிள்ளானிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கிளம்புபவை பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு இரவுக் குறும்பயணங்கள். முழு ஏழு இரவு வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று, சிங்கப்பூர் போய் ஏறுவது. மற்றது, ஒரே கப்பலில் அடுத்தடுத்த இரண்டு குறும்பயணங்களைச் சேர்த்து எடுப்பது. இரண்டாவது வழியில் இரண்டுக்கும் ஒரே அறை எண்ணைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நடுவில் பெட்டி கட்டி அறை மாற வேண்டிவரும். வழித்தடம் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் அதே துறைமுகங்களை மறுபடி பார்ப்பீர்கள். ஓய்வுதான் நோக்கம் என்றால் அது குறையே இல்லை.

கிள்ளான் முனையம் பூலாவ் இண்டாவில் இருக்கிறது. கேடிஎம் கொமுட்டர் ரயிலில் பெலாபுவான் கிள்ளான் நிலையம் வரை போய் இறங்கினால் துறைமுகம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். முனையம் அங்கிருந்து இன்னும் நெடுந்தூரம். கோலாலம்பூரிலிருந்து நேராக கிரேப் கார் எடுங்கள், ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பினாங்கில் அந்தக் கவலை இல்லை. சுவெட்டன்ஹம் படகுத்துறை ஜார்ஜ்டவுன் நடுவிலேயே, கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் பக்கத்தில்.

சிங்கப்பூரில் பெரிய கப்பல்களுக்கு இரண்டு முனையங்கள்: மரினா பே குரூஸ் சென்டர், ஹார்பர்ஃபிரண்டில் உள்ள சிங்கப்பூர் குரூஸ் சென்டர். டிக்கெட்டில் எது என்று இரண்டு தடவை பாருங்கள். முன்னதற்கு மரினா சவுத் பியர் எம்ஆர்டி, பின்னதற்கு ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி. கப்பல் கிளம்பும் நாள் காலையில் பஸ் ஏறிப் போகலாம் என்ற கணக்கு மட்டும் வேண்டாம். ஜொகூர் பாலத்தில் நெரிசல் பிடித்தால் 6 மணி நேரப் பயணம் 9 மணி நேரமாகும். செக்-இன் மேசையை மூடிவிட்டால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. முந்தைய நாளே போய் ஓர் இரவு தங்குங்கள்.

கடப்பிதழ், பயண முடிவு நாளுக்கு அப்பாலும் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையைப் போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்பலாம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அதிகாரபூர்வத் தளம் அல்ல. தாய்லாந்தும் 2025 மே முதல் மின்னியல் வருகை அட்டை வைத்திருக்கிறது. கப்பல் பயணிகள் அதை எப்படி நிரப்புவது என்று கப்பல் நிறுவனம் முன்கூட்டியே எழுதும், அந்த மின்னஞ்சலைப் படிக்காமல் விடாதீர்கள். வேப் வைத்திருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் அது தடை, அபராதமும் கடுமை.

<b>அறை</b>

விடுமுறை கெடுவதும் சிறப்பதும் பாதி இங்கேதான். கப்பல் சிறுவர் பூங்காவின் ஏற்ற இறக்கப் பலகை போல. நடுவில் ஆட்டம் குறைவு, முனைகளிலும் உயரத்திலும் அதிகம். தலைசுற்றல் வரக்கூடியவர் என்றால் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் எடுங்கள். பிறகு கப்பலின் வரைபடத்தை வைத்துக்கொண்டு, உங்கள் அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலும் கீழும் அறைகளாகவே இருந்தால் நிம்மதி. மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால் காலை 6 மணிக்கே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே நாடக அரங்கோ டிஸ்கோவோ இருந்தால் நள்ளிரவுவரை தரை அதிரும். முன்முனை அறைக்கு நங்கூரச் சங்கிலியின் சத்தம். பக்கத்து அறையோடு இணைக்கும் கதவுள்ள அறையையும் தவிருங்கள், அந்தக் கதவு வழியாகப் பக்கத்து வீட்டுச் சண்டை முழுதும் வரும்.

‘கேரண்டி’ அறை என்று மலிவாக விற்பார்கள். எந்த அறை என்பதைக் கப்பல் நிறுவனமே முடிவு செய்யும் என்பதுதான் அதன் பொருள். தள்ளுபடிக்குப் பின்னால் மேலே சொன்ன அத்தனையும் ஒளிந்திருக்கிறது. இருவருக்கும் ஒரே படுக்கை வேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். பல அறைகளில் இரண்டு ஒற்றைப் படுக்கைகளைச் சேர்த்துத்தான் பெரிதாக்குவார்கள்.

பால்கனி வாங்கலாமா? கடல் நாள் மூன்று இருந்தால் வாங்கலாம். துறைமுகம் நிறைந்த பயணமென்றால் அந்தக் காசுக்கு இரண்டு மசாஜ் எடுக்கலாம். சிங்கப்பூரிலிருந்து வடக்கே போகும்போது மாலை வெயில் இடப்பக்கம் விழும், திரும்பும்போது வலப்பக்கம். அதனால் சூரிய அஸ்தமனத்துக்காக எந்தப் பக்கம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

விலையைப் பார்க்கும்போது அது ஓர் ஆளுக்கான விலை என்பதை மறக்காதீர்கள். அதை இரண்டால் பெருக்கி, துறைமுகக் கட்டணத்தைக் கூட்டி, டிப்ஸையும் சேர்த்த பிறகுதான் உண்மைத் தொகை. பல அனைத்துலகக் கப்பல்களில் டிப்ஸ் ஆளுக்கு நாளொன்றுக்கு 14 முதல் 20 அமெரிக்க டாலர் வரை தானாகக் கணக்கில் ஏறும். 16 டாலர் என்று வைத்தால் இருவருக்கு ஏழு நாளில் 224 டாலர். மதுபானத்துக்கும் ஸ்பாவுக்கும் 18 முதல் 20 விழுக்காடு தனி. குடிபானப் பேக்கேஜ் எடுப்பதற்கு முன் ஒரு வகுத்தல் போடுங்கள்: பேக்கேஜ் நாளுக்கு 70 டாலர், ஒரு கோப்பை 14 டாலர் என்றால் தினமும் 5 கோப்பை குடித்தால்தான் முதல் திரும்பும். ஒருவர் எடுத்தால் அதே அறையிலுள்ள மற்றவரும் எடுக்க வேண்டும் என்று பல கப்பல்களில் விதி. ஒருவர் மட்டும் குடிக்கும் ஜோடிக்கு இது பெரும்பாலும் நட்டம்.

<b>பெட்டியில்</b>

அறைச் சுவர் எஃகு. காந்தக் கொக்கி நான்கைந்து கொண்டுபோனால் ஈரத் துணி, தொப்பி, பை எல்லாம் தரையை விட்டு ஏறிவிடும். பல கப்பல்களில் அமெரிக்க இரட்டைப் பிளக்கும் ஐரோப்பிய உருளைப் பிளக்குந்தான் இருக்கும். நம் மூன்று முனைப் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும். அயர்ன் பெட்டி, கெட்டில், சர்ஜ் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் மூன்றையும் சோதனையில் பிடுங்கி வைத்துவிடுவார்கள். மேலைநாட்டுக் கப்பல்களில் அறையில் கெட்டிலே இல்லாமலும் இருக்கலாம். ஒரு நல்ல ஃபிளாஸ்க்கும் தே தாரிக் பொட்டலங்களும் இருந்தால் பஃபேயில் வெந்நீர் பிடித்துக்கொண்டு போய்ப் பால்கனியில் உட்காரலாம்.

இரவு உணவறைக்கு அரைக்கால் சட்டையும் சிலிப்பரும் ஆகாது. ‘ஃபார்மல்’ இரவுக்குக் கோட்டு தைக்க வேண்டியதில்லை. நீளக்கை பாத்தேக், வேட்டி சட்டை, புடவை எல்லாம் தாராளமாகச் செல்லும். நாடக அரங்கில் ஏசி எலும்பைத் துளைக்கும், சால்வை வேண்டும்.

தலைசுற்றலுக்கு டைமென்ஹைட்ரினேட் போன்ற மாத்திரை மருந்தகத்தில் கிடைக்கும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் அது வயிற்றில் நிற்காது. ஆட்டம் தொடங்கும் முன்பே, ஒரு மணி நேரம் முன்னதாகப் போட வேண்டும். கண்ணழுத்தம், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் மருந்தாளரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். கப்பல் மருத்துவரின் கட்டணம் தனியார் மருத்துவமனையையே தூக்கிச் சாப்பிடும். ஆகவே கப்பல் பயணத்தையும் அவசர வெளியேற்றத்தையும் உள்ளடக்கிய காப்புறுதி இல்லாமல் ஏறாதீர்கள்.

<b>முதல் நாள்</b>

ஒப்படைத்த பெட்டி அறைக்கு வர மாலையாகிவிடும். மருந்து, கடப்பிதழ், சார்ஜர், நீச்சல் உடை ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். எல்லோரும் பஃபேயில் மொய்க்கும் அந்த முதல் இரண்டு மணி நேரத்தில் வேறு வேலை இருக்கிறது. நேராக ஸ்பாவுக்குப் போங்கள். நீராவி அறை, சூடான கல் கட்டில் உள்ள பகுதிக்கு வார பாஸ் சில கப்பல்களில் குறைந்த எண்ணிக்கையில்தான் விற்பார்கள், முதல் நாளே தீர்ந்துபோகும். மசாஜ் படிவத்தில் ‘பொருள் எதுவும் விற்க வேண்டாம்’ என்று எழுதிவிடுங்கள். இல்லையென்றால் முடிவில் எண்ணெய்ப் புட்டி வியாபாரம் கால் மணி நேரம் நடக்கும். அடுத்து நிகழ்ச்சிகளுக்கு முன்பதிவு. அதன்பின் உணவறை மேலாளரைப் பார்த்து இருவர் மேசை கேளுங்கள்.

சைவம் என்றால் வெறுமனே ‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் போதாது. முட்டை சேரலாம், ஆசிய உணவில் மீன் சாஸ் சேரலாம். ‘இந்தியன் வெஜிடேரியன், முட்டை இல்லை, மீன் சாஸ் இல்லை’ என்று முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்து, முதல் இரவு மேலாளரிடம் மறுபடி நினைவூட்டுங்கள். புரட்டாசியில் போகிறவர்கள் இதை மறந்தால் ஒரு வாரமும் பாஸ்தாதான். சமையற்கட்டில் இந்தியர்கள் இருந்தால், ஒருநாள் முன்னதாகச் சொன்னால் பருப்பும் காய்கறிக் குழம்பும் செய்து தரும் கப்பல்கள் பல உண்டு.

கப்பல் கிளம்பும் முன் மஸ்டர் பயிற்சி, அதாவது அபாயத்தில் எங்கே கூடுவது என்பதற்கான ஒத்திகை, கட்டாயம். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி: அபாய அறிவிப்பு அதுதான். போகாதவர் பெயரைத் தேடிப்பிடித்து அழைப்பார்கள். கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். கடலில் கிடைக்கும் ‘கப்பல் சிக்னல்’ உங்கள் ரோமிங் பாஸில் பெரும்பாலும் அடங்காது, பில் வந்தபின் அழுது பயனில்லை. வைஃபையை ஒரு கருவிக்கு வாங்கி, ஒருவர் வெளியேறியதும் மற்றவர் நுழையலாம். இருவரும் ஒரே நேரத்தில் திரையைப் பார்க்காமலிருக்க அது நல்ல உபாயமுங்கூட.

<b>கடிகாரம்</b>

தாய்லாந்தும் வியட்நாமும் நமக்கு 1 மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், புக்கெட்டில் இறங்கியதும் உங்கள் கைப்பேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். மாலை 5 மணிக்குள் திரும்பச் சொல்லியிருக்க, கைப்பேசியில் 4 மணி என்று பார்த்துக்கொண்டு நீங்கள் இன்னும் இளநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். கைப்பேசியின் தானியங்கி நேரத்தை நிறுத்துங்கள், அல்லது சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் கட்டிக்கொள்ளுங்கள். கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் பறக்க வேண்டும். சில பயணங்களில் கடப்பிதழைக் கப்பலே வாங்கி வைத்துக்கொள்ளும். அதன் படத்தைக் கைப்பேசியில் வையுங்கள்.

புக்கெட்டில் பாத்தோங் கடற்கரைக்குச் சிறு படகில் இறக்கும் பயணம் என்றால், முதல் படகுகளுக்கு அடித்துப்பிடித்து நிற்காமல் 10 மணிக்கு மேல் போங்கள், வரிசை கரைந்திருக்கும். அலை அதிகமானால் இறங்குவதே ரத்தாகும். அதனால் திரும்பக் கிடைக்காத முன்பணம் கட்டி எதையும் பதிவு செய்யாதீர்கள்.

பினாங்கு நாள் வந்தால் ஒரு யோசனை. நீங்கள் பினாங்குக்காரராகவோ, வருடத்துக்கு இரண்டு தடவை வடக்கே காரோட்டி வருபவராகவோ இருந்தால் இறங்க வேண்டியதே இல்லை. ஆயிரக்கணக்கானோர் கரைக்குப் போனபின் குளமும் சாய்வு நாற்காலிகளும் காலியாகக் கிடக்கும். ஸ்பாவில் துறைமுக நாள் தள்ளுபடியும் இருக்கலாம். நாலாம் நாள் நாக்கு சோறு ரசம் என்று கெஞ்சினால் மட்டும் இறங்குங்கள். படகுத்துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடை தூரந்தான். வாழையிலைச் சாப்பாடு முடித்து, குவீன் ஸ்திரீட் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, மதியத் தூக்கத்துக்கு அறைக்கு வந்துவிடலாம்.

கடல் நாளில் குளத்தோரம் 9 மணிக்கெல்லாம் துண்டு போட்டு இடம் பிடித்திருப்பார்கள். அங்கே போட்டிபோடாமல், பெரியவர்களுக்கு மட்டுமான தளம், நூலகம், படகுகள் தொங்கும் நடைத்தளம் ஆகியவற்றைத் தேடுங்கள். அறைக்கு வரும் காலை உணவுக்கான அட்டையை இரவே கதவில் மாட்டிவிடுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பலில் பரவி வாந்தி பேதி தரும் நோரோவைரஸுக்கு சானிட்டைசர் மட்டும் போதாது.

<b>இறங்கும் நாள்</b>

கணக்கைத் தினமும் செயலியில் பாருங்கள். கடைசி நாள் காலையில் தப்பான கட்டணத்தைத் திருத்தப் போனால் வரிசையிலேயே பாதிப் பொழுது போகும். அட்டையில் கட்டும்போது ரிங்கிட்டில் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிக் கப்பலின் நாணயத்திலேயே கட்டுங்கள். அவர்கள் போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் வங்கியுடையதைவிட மோசம்.

கடைசி இரவு பெட்டியை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போடும் உடுப்பையும் செருப்பையும் வெளியே எடுத்து வைத்த பிறகே பூட்டுங்கள்; பைஜாமாவோடு குடிநுழைவு வரிசையில் நிற்பவர் ஒவ்வொரு பயணத்திலும் ஒருவராவது உண்டு. பெட்டி சிறிதென்றால் நீங்களே தூக்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்கலாம். சிங்கப்பூரிலிருந்து திரும்பும் விமானத்தைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் பதிவு செய்யுங்கள். கரையில் கால் வைத்தபின்னும் ஓரிரு நாள் தரை ஆடுவது போல் இருக்கலாம், குளிக்கும்போது கண்ணை மூடினால் அதிகம் தெரியும். அப்படி இருந்தால் அன்றைக்குக் காரை நீங்கள் ஓட்டாதீர்கள்.