பழைய ஆங்கிலம் வாசிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

16, 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தைத் தமிழாக்க முயலும் இளைஞர்களின் பிரதிகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. ஆட்கள் மாறுகிறார்கள், சிவப்பு மை விழும் இடங்கள் மாறுவதில்லை. நான் தொடங்கிய காலத்தில் விழுந்த அதே பள்ளங்கள்தான். அகராதி பார்க்கவில்லை, அவசரப்பட்டேன் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றையும் 'ஓல்ட் இங்கிலீஷ்' என்பது

ஷேக்ஸ்பியர் எழுதியது நவீன ஆங்கிலத்தின் தொடக்க நிலை. ஓல்ட் இங்கிலீஷ் ஏறக்குறைய 1100-க்கு முந்தியது. அதை முறையாகப் படிக்காத இங்கிலாந்துக்காரருக்கே ஒரு வரி புரியாது.

தெரிந்த சொல்தானே என்று தாண்டிப் போவது

'ஃபார்டெல்' என்று ஒரு சொல் வந்தால் எல்லோரும் நின்று தேடுகிறார்கள், சுமை என்று கண்டுபிடித்தும் விடுகிறார்கள். விசித்திரமான சொல்லால் யாரும் கெட்டதில்லை. கெடுப்பது தினமும் பார்க்கிற முகத்தோடு வரும் சொல்.

இங்கிலாந்துத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டு வழிபாட்டு நூலில் ஒரு ஜெபம் 'ப்ரிவென்ட் அஸ், ஓ லார்ட்' என்று தொடங்கும். என் கண் எதிரே ஒரு மொழிபெயர்ப்பில் அது "ஆண்டவரே, எங்கள் எல்லாச் செயல்களிலும் எங்களைத் தடுத்தருளும்" என்று ஆனது. மெய்ப்புப் பார்த்தவரும் ஆமென் சொல்லிவிட்டார். அச்சாகி வந்த பிறகுதான் ஒரு பெரியவர் சுட்டிக்காட்டினார். அந்த ஃபாரத்தையே, அதாவது ஒரே தாளில் சேர்த்து அடித்த பக்கங்களையே, கழித்துப் போட்டு மறுபடி அடித்தார்கள். காகிதக் காசும் கூலியும் பதிப்பாளர் தலையில்.

அன்று ப்ரிவென்ட் என்றால் முன்னே செல்வது. 'முன் வருதல்' என்ற லத்தீன் மூலத்திலிருந்து வந்தது. எங்களுக்கு முன்னே சென்று துணையாக இரும் என்பதுதான் வேண்டுதல். முன்னால் போய் நிற்பவர் வழியை மறிக்கவும் முடியும் அல்லவா, பொருள் அப்படித்தான் நகர்ந்தது. எனக்கு இன்னும் எரிச்சல் தருவது அதுவல்ல. எந்த பக்தர் தன்னைத் தடுக்கச் சொல்லி வேண்டுவார்? அதே வாக்கியம் தொடர்ந்து, "இடைவிடாத உதவியால் எங்களை முன்னேறச் செய்யும்" என்று கேட்கிறது. தடுக்கவும் வேண்டும், முன்னேற்றவும் வேண்டுமா? அடுத்த சொற்றொடரைப் படித்திருந்தாலே பிடிபட்டிருக்கும்.

'லெட்' இன்னும் மோசம். பழங்காலத்தில் இரண்டு தனித்தனி வினைச்சொற்கள் இருந்தன. ஒன்றுக்கு அனுமதிப்பது என்று பொருள், மற்றதற்குத் தடுப்பது. காலப்போக்கில் இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டன. ஷேக்ஸ்பியர் நாடகத்தில், தந்தையின் ஆவியின் பின்னால் போக விடாமல் நண்பர்கள் பிடிக்கும்போது, 'லெட்' செய்கிறவனை நான் ஆவியாக்கிவிடுவேன் என்கிறான் ஹாம்லெட். "என்னை விடுகிறவனை" என்று எழுதினால் காட்சியே தலைகீழ். சந்தேகமா? உங்கள் பாஸ்போர்ட்டைத் திறந்து குடியரசுத் தலைவர் பெயரால் உள்ள வேண்டுகோளைப் பாருங்கள். 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று இருக்கும். தடங்கல் இல்லாமல் போக விடுங்கள் என்று பொருள்.

இந்தக் கூட்டத்தில் இன்னும் சிலர் உண்டு. 1611-ஆம் ஆண்டு பைபிளில் குழந்தைகளை என்னிடம் வர 'சஃபர்' செய்யுங்கள் என்றால், துன்பப்படுத்துங்கள் என்றல்ல, வர விடுங்கள் என்று பொருள். 'ப்ரசன்ட்லி' என்றால் உடனே. 'மீட்' என்றால் எந்த உணவும். ஜூலியட்டின் 'வேர்ஃபோர்' எங்கே என்ற கேள்வியல்ல, ஏன் என்ற கேள்வி. நீ ஏன் ரோமியோவாக, அதாவது பகைவீட்டுப் பிள்ளையாக இருக்கிறாய் என்கிறாள்.

வாக்கியம் லேசாகக் கோணினாலும் நின்றுவிடுங்கள். மாணவர் அகராதி இதற்கு உதவாது. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதி ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டுடன் மேற்கோள் தருகிறது. உங்கள் நூலின் காலத்து மேற்கோள் எந்தப் பொருளின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள். ஆனால் அங்கே பழைய பொருள்தான் பெரும்பாலும் முதலில் வரும். முதல் பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் அது வேறு வம்பு.

'தௌ' என்றால் தாங்கள் என்று நினைப்பது

ஜெபத்தில் வருவதால் மரியாதைச் சொல் என்று நம்பிவிடுகிறார்கள். அது 'நீ'. ஒருவரிடம் 'யூ' என்றால்தான் மரியாதை. 1603-இல் ஆங்கிலேயக் கடலோடி வால்டர் ராலே மீது தேசத்துரோக வழக்கு நடந்தபோது, அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரை வேண்டுமென்றே 'தௌ' போட்டு அவமதித்தார். நாடகத்தில் ஒரு பாத்திரம் யூவிலிருந்து தௌவுக்கு மாறினால் கோபமோ நெருக்கமோ ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். தமிழில் நீ, நீங்கள் இரண்டும் கையில் இருக்க, எல்லாவற்றையும் 'தாங்கள்' ஆக்கி ஏன் வீணடிக்க வேண்டும்?

கடைப் பலகையில் 'யீ ஓல்ட்'

பழமைத் தோற்றத்துக்காக ஆங்கிலக் கடைகள் எழுதும் அது 'யீ' அல்ல, 'தி'. 'தி'யின் முதல் ஒலிக்கு அன்று இருந்த, இப்போது வழக்கொழிந்த 'தார்ன்' எழுத்து, பார்வைக்கு ஒய் போல ஆகிவிட்டது.

நீண்ட 'எஸ்'ஸை 'எஃப்' என்று படிப்பது

பழைய அச்சில் சிறிய எஸ் பல இடங்களில் எஃப் போலவே நீண்டு நிற்கும். குறுக்குக்கோடு முழுதாக இருந்தால்தான் எஃப்.

அபூர்வச் சொல் பட்டியல்களை நம்புவது

வாட்ஸாப்பில் வரும் பட்டியலை மட்டுமல்ல, கெட்டி அட்டைக்குள் இருப்பதையும் ஒருமுறை சோதியுங்கள். 1934-இல் வெளிவந்த வெப்ஸ்டர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'டோர்ட்' என்ற சொல் இருந்தது. பொருள் அடர்த்தி. உண்மையில் பெரிய டி அல்லது சிறிய டி அடர்த்திக்கான சுருக்கக் குறி என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தார்கள். 'டி ஆர் டி' என்ற அந்தக் குறிப்பை ஒட்டிப் படித்துச் சொல்லாக்கிவிட்டார்கள். 1939-இல் அங்கிருந்த ஆசிரியர் ஒருவர் இதற்கு மட்டும் சொற்பிறப்பு தரப்படவில்லையே என்று கவனித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.