லியோனோரா காரிங்டனைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கம் வாசகர் கூட்டங்களில் சர்ரியலிசம் (கனவின் தர்க்கத்தைக் கலையில் கொண்டுவந்த இயக்கம்) என்று பேச்செடுத்தால் ஓவியர்களின் பெயர்தான் வரிசையாக வரும். எழுத்தாளர்கள் அபூர்வம். அந்த அபூர்வங்களில் ஒருவர் லியோனோரா காரிங்டன். 1917-இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தவர். பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல், நியூயார்க் என்று போர்க்காலத்தில் அலைந்து, 1940-களின் தொடக்கத்தில் மெக்சிகோ போய்ச் சேர்ந்தார். 2011-இல் மெக்சிகோ நகரத்தில் காலமானார். ஓவியராகத்தான் பெயர் பெரிது, ஆனால் கதைகளையும் நாவல்களையும் அதே தீவிரத்தோடு எழுதினார். அவரைப் புதிதாகக் கையில் எடுக்கிறவர்கள் வழுக்கி விழும் இடங்கள் சில உண்டு. நன்றாகப் படிக்கிறவர்களே அங்கே விழுகிறார்கள் என்பதால் எழுதத் தோன்றியது.

முதல் தவறு, ஊரை வைத்துக் கதைக்குக் காரணம் சொல்லிவிடுவது. “மெக்சிகோ அல்லவா, அந்த மண்ணில் மாயம் சகஜம்” என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். வருஷத்தைப் பாருங்கள். அவருடைய மிகப் பிரபலமான சிறுகதை ‘த டெப்யூட்டாண்ட்’, 1939-இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. மெக்சிகோவை அவர் கண்ணால் பார்ப்பதற்கு முன்பு, பிரான்ஸில் இருந்தபோது, தாய்மொழி அல்லாத பிரெஞ்சில் எழுதியது.

கதை இதுதான். பணக்கார வீட்டுப் பெண். அவளை ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு அறிமுகம் செய்ய விருந்து ஏற்பாடாகிறது. அவளுக்கோ மிருகக்காட்சிசாலையில் ஒரு கழுதைப்புலிதான் சிநேகம். அதற்கு அவள் பிரெஞ்சு கற்றுக்கொடுக்க, அது தன் பாஷையை அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. “எனக்குப் பதில் நீ விருந்துக்குப் போ” என்கிறாள். உடையும் கையுறையும் சரியாகிவிடுகின்றன, முகத்துக்கு என்ன செய்வது? வேலைக்காரியைக் கொன்று அவள் முகத்தை மாட்டிக்கொள்ளலாம் என்று கழுதைப்புலி யோசனை சொல்கிறது, செய்தும் விடுகிறது. வயிறு நிறைந்துவிட்டதால் பாதங்களை மட்டும் பையில் எடுத்து வைத்துக்கொள்கிறது, அப்புறம் சாப்பிடலாம் என்று. விருந்தில் அதன் நாற்றத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் எழுந்து நின்று, கேக்கெல்லாம் தனக்கு வேண்டாம் என்று சொல்லி, முகத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டு ஜன்னல் வழியாகத் தாவிப் போய்விடுகிறது.

இதில் மெக்சிகோ எங்கே இருக்கிறது? நூலாலை முதலாளியின் மகளாகப் பிறந்து, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அவைக்கு அலங்கரித்து அழைத்துச் செல்லப்பட்ட ஒரு பெண்ணின் கோபம் இருக்கிறது. அம்மா ஐரிஷ்காரர், வளர்த்த ஆயாவும் ஐரிஷ்காரர். பூமிக்கடியில் போய் மறைந்த ஒரு பழைய தெய்வக் குலம் ஐரிஷ் புராணத்தில் உண்டு. நாமெல்லாம் அந்த வழி என்று பாட்டி சொல்வாராம். மிருகமும் மனிதரும் ஒரே வீட்டில் புழங்கும் கதைகளைக் கேட்டே வளர்ந்த குழந்தை மெக்சிகோவுக்கு வெறுங்கையோடு போகவில்லை.

அதற்காக மெக்சிகோவை விலக்கிவிடுவதும் தவறு. அங்கே போன பிறகு அவர் உழைத்துக் கற்றார். மெக்சிகோ நகரத்தின் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்துக்காக மாயா மக்களின் உலகத்தைப் பெரிய ஓவியமாக வரைய வேண்டி வந்தபோது, சியாபாஸ் பகுதிக்கு நேரில் போனார், அங்குள்ளவர்களின் வழக்கங்களைப் பார்த்தார், மாயாக்களின் புராணமான போபோல் வூவைப் படித்தார். 1963-இல் அந்த ஓவியம் முடிந்தது. குடியேறிய மண்ணை உரிமை கொண்டாடாமல் படித்துத் தெரிந்துகொள்ளும் இந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம் ஊர் உதாரணம் ஒன்று கையருகிலேயே இருக்கிறது. எம்.வி. வெங்கட்ராம் கும்பகோணத்துச் சௌராஷ்டிரர், பட்டு ஜரிகை வியாபாரம் செய்தவர். சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவருடைய ‘காதுகள்’ நாவலைப் படித்துவிட்டு, இதில் எவ்வளவு பங்கு குஜராத்திலிருந்து வந்தது என்று இங்கே யாரும் கணக்குக் கேட்பதில்லை. அவர் முன்னோர்கள் வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது, காரிங்டன் தானே கப்பலேறியவர், இரண்டும் ஒன்றில்லை. ஆனாலும் வெங்கட்ராமுக்குக் காட்டும் மரியாதையை, அதாவது முதலில் கதையைக் கதையாகப் படிப்பதை, காரிங்டனுக்கும் காட்டலாமே.

அடுத்தது மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஜெர்மன் சர்ரியலிச ஓவியர். “எர்ன்ஸ்டின் காதலி, அவரிடமிருந்து சர்ரியலிசம் கற்றவர்” என்ற அறிமுகத்தை விட்டுவிடலாம். 1937-இல் சந்தித்தபோது அவருக்கு 46, இவருக்கு 20. சேர்ந்து வாழ்ந்தார்கள், இவருடைய முதல் நூலுக்கு அவர் படம் செய்தார். 1940-இல் போர் இருவரையும் பிரித்தது. அதற்குப் பிறகு எழுபது வருஷம் இவர் வாழ்ந்து வேலை செய்திருக்கிறார். தாக்கம் என்று பேசுவதானால் மெக்சிகோவில் கிடைத்த தோழி ரெமேடியோஸ் வாரோவைப் பற்றிப் பேசுங்கள். அவரும் அகதியாக வந்த ஓவியர், ஸ்பெயின்காரர். ரசவாதம், மந்திரம், மூலிகை என்று இருவரும் சேர்ந்து துருவினார்கள். ஜவ்வரிசியைக் கணவாய் மையில் ஊறவைத்து, மீன் முட்டை என்று விருந்தாளிகளுக்குப் பரிமாறினார்கள் என்றுகூட ஒரு கதை உண்டு.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. எர்ன்ஸ்ட் கைதான பிறகு காரிங்டன் ஸ்பெயினுக்குத் தப்பிப் போனார், அங்கே மனம் உடைந்தது. சாந்தாந்தேர் என்ற ஊரில் மனநோய் விடுதியில் அடைத்து, வலிப்பு வரவழைக்கும் கார்டியாசோல் ஊசி போட்டார்கள். இதை ‘டவுன் பிலோ’ என்ற நூலில் அவரே சொல்லியிருக்கிறார். உடனே, “பைத்தியம் பிடித்ததால்தான் இப்படி எழுத முடிந்தது” என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். கழுதைப்புலிக் கதை அதற்கு முந்தியது என்பதை மறந்துவிடுகிறார்கள். நூலின் அமைப்பையும் கவனிப்பதில்லை. 1943 ஆகஸ்டில், சரியாக மூன்று வருஷம் கழித்து, நாள் போட்டு, நடந்ததை ஒழுங்காக நினைவுகூர்ந்து சொன்னது அது. மாட்ரிட் நகரம் உலகத்தின் வயிறு, அதைக் குணப்படுத்தத் தன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று அப்போது நம்பியதைத் தெளிந்த மனதோடு எழுதுகிறார். ‘காதுகள்’ நாவலின் மகாலிங்கத்துக்குக் காதுக்குள் குரல்கள் இடைவிடாமல் கேட்கின்றன. வெங்கட்ராம் தாமே பட்ட அவஸ்தை அது. நோயில் துடித்த ஆளும் அதைப் பிறகு எழுத உட்காரும் ஆளும் ஒருவரேதான், ஆனால் எழுத்து பின்னவருடைய வேலை. அந்த உழைப்பை நோயின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

“கழுதைப்புலி எதற்குக் குறியீடு?” என்ற கேள்வியையும் முதல் வாசிப்பில் தள்ளி வையுங்கள். பதில் கிடைத்ததும் கதை கையைவிட்டுப் போய்விடும். கழுதைப்புலி நாறுகிறது, அதற்குப் பசிக்கிறது, விருந்து பிடிக்கவில்லை. அவ்வளவும் நிஜமாக நடக்கிறது என்று நம்பிப் படித்தால்தான் வேலைக்காரியின் சாவு உறைக்கும். முதலாளிப் பெண்ணின் விடுதலைக்கு அவள் உயிர் விலையாகிறது, கதை அதை மறைக்கவில்லை.

புலம்பெயர்ந்தவர் என்றால் தாய்நாட்டு ஏக்கம்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் நம் பழக்கம். பர்மாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் அனுப்பிய ஜில்லா, அப்படி நினைப்பது இயல்பு. காரிங்டனின் ‘த ஹியரிங் டிரம்பெட்’ நாவலின் மேரியன் லெதர்பிக்கு வயது 92. குட்டையான நரைத்த தாடி உண்டு, அதில் அவருக்குப் பெருமை. ஸ்பானிஷ் பேசும் நாட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். தோழி ஒருத்தி காது கேட்கும் குழல் ஒன்று பரிசளிக்க, வீட்டார் தன்னை முதியோர் விடுதிக்கு அனுப்பப் பேசுவது முதன்முதலாகக் காதில் விழுகிறது. அவருடைய அம்மா 110 வயதில் இங்கிலாந்தில் இருக்கிறார், அந்த நினைவும் வரும். ஆனால் அவர் போக ஏங்குவது நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியில், ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கும் லாப்லாந்துக்கு. பிறந்த ஊர், வந்த ஊர் இரண்டையும் தாண்டி மூன்றாவது ஓர் இடம் அவர் மனதில் இருக்கிறது. இந்த நாவலை முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு படிக்காதீர்கள், சிரிப்பு வரும் இடத்தில் சிரித்துவிடுங்கள். விடுதிக்குள் போன பிறகு அந்தக் கிழவிகள் செய்யும் காரியங்களை நான் சொல்லப்போவதில்லை.

கடைசியாக, படிக்கும் வரிசை. பலரும் ‘டவுன் பிலோ’வில் தொடங்குகிறார்கள், மெல்லிய புத்தகம் என்பதால். வேண்டாம். அதை முதலில் படித்தால் பிறகு எல்லாக் கதையிலும் அந்த விடுதியைத்தான் தேடுவீர்கள். சிறுகதைகளில் தொடங்குங்கள், அப்புறம் மேரியன் பாட்டி, மூன்றாவதாக ‘டவுன் பிலோ’.