ஜல்லிக் குவாரியில் தண்ணீர் நோட்டு எழுதுவது எப்படி

ஆனேக்கல் பக்கம் ஒரு ஜல்லி கிரஷரில் சைட் பார்ப்பவன் நான். பெங்களூரில் பில்லர் எழும்பும் இடத்துக்கெல்லாம் எங்கள் பக்கத்து ஜல்லியும், பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலும் போகிறது. புதிதாகப் பொறுப்புக்கு வரும் நம்ம பையன்கள் எடுத்தவுடன் டன் கணக்கு கேட்பார்கள். நான் அவர்கள் கையில் கொடுப்பது தண்ணீர் நோட்டு.

காரணம் இந்தப் பாறைதான். அடியில் இருப்பது நைஸ் (gneiss) என்கிற கெட்டிப் பாறையும் கிரானைட்டும். மேலே மக்கிய பாறையில் கொஞ்சம், கீழே விரிசல்களில் கொஞ்சம், அவ்வளவுதான் தண்ணீர். நாம் உடைத்துத் திறந்த விரிசல் பக்கத்துத் தோட்டத்துப் போர்வெல்லுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் விரிசலாக இருக்கலாம். ஆனேக்கல் ஏற்கெனவே அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட தாலுகா. ஆயிரம் அடி தாண்டியும் புகை மட்டும் வந்த போர்கள் இங்கே எத்தனையோ.

முதலில் போர், டேங்கர், வாஷிங், தண்ணீர் தெளிப்பு என்று ஒவ்வொரு லைனுக்கும் தனி மீட்டர் மாட்டுங்கள். போரின் நீர்மட்டத்தைக் காலையில் மோட்டார் போடும் முன் அளக்க வேண்டும். ஓடி நின்றவுடன் அளந்தால் மட்டம் இறங்கியிருக்கும், அந்த அளவு உதவாது. அதே நாளில் பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டு அவர் கிணற்றையும் அளந்து எழுதுங்கள். குழி ஆழமாகும் முன்பே இந்தப் பதிவு தொடங்கியிருக்க வேண்டும். பிறகு ஒரு கிணறு வற்றினால் யாரால் என்று பேச அந்த நோட்டு ஒன்றுதான் இருக்கும்.

அடுத்து ஊற்று. மழை ஓய்ந்து வெகு நாளான பிறகு, பிப்ரவரி வாக்கில், குழியின் சுவரை ஒட்டி நடந்து பாருங்கள். அப்போதும் ஈரம் கசிந்து பாசி பிடித்திருந்தால் அது மழைத்தண்ணீர் இல்லை, நிலத்தடி நீர். அந்த இடத்தில் பெயிண்டால் எண் போட்டு, தகரத்தை மடித்துச் செருகி, கசிவை ஒரு வாளியில் விழச் செய்யுங்கள். 20 லிட்டர் வாளி 40 விநாடியில் நிறைகிறதா? நிமிடத்துக்கு 30 லிட்டர், ஒரு நாளைக்கு 43,200 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் மூன்றரை லோடுக்கும் மேல். "பம்ப் போட்டு வெளியே விட்டால் சரி" என்பவர்களை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. பெஞ்ச், அதாவது குழியில் படியாக வெட்டும் தட்டு, இறக்க இறக்கக் கசிவு கூடினால், ஆழம் போவதை நிறுத்துங்கள், நிலத்தடி நீர் தெரிந்த புவியியலாளரைக் கூப்பிடுங்கள்.

மழைத்தண்ணீர் நமக்குக் கிடைக்கும் நல்ல வரவு. இரண்டு ஏக்கர் குழியில் 25 மில்லிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 2 லட்சம் லிட்டர். வெட்டி முடித்த மூலையைத் தொட்டியாக ஒதுக்கி அங்கே தேக்குங்கள். வெளியே ஓடிவரும் தண்ணீர் குழிக்குள் இறங்காதபடி மேல் விளிம்பைச் சுற்றிக் கால்வாய் வெட்டி, வழியில் கற்களை அடுக்கி மண்ணைப் படிய விட்டு, பழைய ஓடையிலேயே சேருங்கள். தூசிக்கும் வாஷிங்குக்கும் முதலில் தொட்டித் தண்ணீர், அப்புறம்தான் போர். பாதையில் தெளிக்க அபார்ட்மெண்ட்களின் சுத்திகரித்த தண்ணீரை டேங்கரில் வாங்கலாம். மண் நனைந்தால் போதும், சேறாகும் அளவு ஊற்ற வேண்டாம். கிரஷர் வாயில் மெல்லிய நாசில் போடுங்கள், அடைப்பைத் தினமும் பாருங்கள்.

எம்-சாண்ட் கழுவிய தண்ணீரை வெளியே விடவே கூடாது. வரிசையாக மூன்று தொட்டி: முதலாவதில் கனமான துகள் படியும், இரண்டாவதில் கல் மாவு, மூன்றாவதில் இருந்து திரும்ப வாஷிங்குக்கு. பம்பின் உறிஞ்சு வாயை டிரம்மில் கட்டி மிதக்க விட்டால் தெளிந்த தண்ணீராக வரும். முதல் தொட்டி பாதி நிறையும்போதே தூர் வாருங்கள். அந்த மாவு ஏரியில் இறங்கினால் தரையில் சாந்து பூசியதுபோல் அடைத்துவிடும். ஏரி நிறைந்து நின்றாலும் தண்ணீர் கீழே இறங்காது.

டீசல் டேங்கைச் சுற்றி, அதன் முழுக் கொள்ளளவையும் தாங்கும் அளவு சிமெண்ட் தொட்டி கட்டுங்கள். ஹிட்டாச்சிக்கு ஆயில் மாற்றுவது குழிக்குள் வேண்டாம். வடிகட்ட மண் இல்லாத இடம், சிந்தியது நேராக விரிசலில் இறங்கும்.

பலரும் கவனிக்காதது வெடிமருந்து. அதில் இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் தண்ணீரில் கரையும். வெடி வைக்கும் துளையைச் சுற்றிச் சிந்திய மருந்துக் குருணையை வெடிக்கும் முன் கூட்டி அள்ளச் சொல்லுங்கள். ஈரத் துளைக்குத் தண்ணீரில் எளிதில் கரையாத எமல்ஷன் வெடிமருந்து மட்டும். மழைக்கு முன்னும் பின்னும் சுற்றுக் கிணறுகளின் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பி நைட்ரேட் பாருங்கள். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் வரம்பு. அதற்கு மேல் வந்தால், காரணம் நாமா, பக்கத்து உரக்குழியா என்று பிறகு பார்க்கலாம். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. கைக்குழந்தைக்குப் பால் கலக்க அந்தத் தண்ணீரை எடுக்க வேண்டாம் என்று அன்றைக்கே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.