சுரங்க வளையத்துக்கு மண் ஸ்பிரிங் கொடுப்பது எப்படி?

மண் வெறும் சுமையல்ல, தாங்கலும்கூட. கணக்கு மாதிரியில் சுரங்கப்பாதையின் கான்கிரீட் வளையத்தைச் சிறு பீம்களாகப் பிரித்து, அவை சேரும் ஒவ்வொரு கணுவிலும் ஆரத்திசையில் ஸ்பிரிங் வையுங்கள். மண்ணின் மீள்குணகத்தை (எவ்வளவு எளிதில் அமுங்காது என்ற அளவு) ஆரம் × (1 + பாய்சான் விகிதம்) ஆல் வகுத்தால் ஸ்பிரிங்கின் விறைப்பு கிடைக்கும்; பாய்சான் விகிதம் என்பது ஒரு திசையில் அமுக்கினால் பக்கவாட்டில் எவ்வளவு விரியும் என்ற அளவு. 60 மெகாபாஸ்கல், 3 மீட்டர், 0.3 என்றால் மீட்டருக்கு 15.4 மெகாபாஸ்கல். அதைக் கணுவுக்குரிய பரப்பால் பெருக்குங்கள்.

இழுவிசை காட்டும் ஸ்பிரிங்குகளை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். மண் வளையத்தைப் பிடித்து இழுக்காது; இதை விட்டால் உச்சியில் பெண்டிங் மொமெண்ட் (வளையத்தை வளைக்கும் திருப்புவிசை) பொய்யாகக் குறையும்.

ஆறு துண்டு வளையமா? இணைப்புகள் நெகிழும். இணைப்பின் சொந்த விறைப்பைப் பூஜ்யமாக எடுத்தால், சுரங்கப் பொறியாளர் மியூர் வுட்டின் வாய்பாட்டின்படி (4/6)², அதாவது முழு வளைவிறைப்பில் 0.44 பங்குதான் மிஞ்சும்.

மொமெண்ட் தாங்கவில்லை என்றதும் தடிமனைக் கூட்டாதீர்கள். விறைத்த வளையம் இன்னும் அதிக மொமெண்டைத் தன் மேல் இழுத்துக்கொள்ளும். முதலில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைப் பாருங்கள். மண்ணின் மீள்குணகத்தைப் பாதியாக்கியும் இரட்டிப்பாக்கியும் கணக்கை ஓட்டிப் பாருங்கள்.