வயிற்று டாக்டரைத் தேர்ந்தெடுக்க

பெயர்ப்பலகையில் எம்.டி.க்குப் பிறகு, இரைப்பை குடலியலில் டி.எம். அல்லது டிஆர்.என்.பி. என்ற உயர் சிறப்புப் பட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எம்.எஸ்., எம்.சிஎச். என்றால் அவர் அறுவைச் சிகிச்சை நிபுணர். பட்டம் மட்டும் போதாது, காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும். எடை குறைந்ததா, வலி தூக்கத்தைக் கலைக்கிறதா, மூட்டுவலிக்கு மாத்திரை விழுங்குகிறீர்களா என்று துருவிக் கேட்டு, படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்ப்பவரை விடாதீர்கள். உட்கார்வதற்குள் எண்டோஸ்கோபிக்கு (குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் சோதனைக்கு) சீட்டு எழுதுபவரிடம், "எதற்காக, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். 'அந்த வெள்ளை மாத்திரை' என்றால் எவருக்கும் புரியாது. ரத்த வாந்தியோ தார் போன்ற கறுப்பு மலமோ வந்தால், டாக்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.