ஸ்டீவியா சேர்த்து கேக் சுட: சர்க்கரையைப் பாதியாக்கும் அளவுகள்

கேக்கில் சர்க்கரை போடுவது இனிப்புக்காக மட்டுமல்ல. வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது அதன் பரல்கள்தான் காற்றை உள்ளே ஏற்றுகின்றன. ஈரத்தைப் பிடித்துவைப்பதும், முட்டையும் மாவும் சீக்கிரம் இறுகிவிடாமல் தடுப்பதும், மேற்பகுதியைச் சிவக்க வைப்பதும் அதே சர்க்கரைதான். சீனித்துளசி இலையிலிருந்து எடுக்கும் ஸ்டீவியா இனிப்பை மட்டுமே தரும். அதனால் சர்க்கரை முழுவதையும் நீக்கினால் கேக் வெளிறி, கட்டையாகிவிடும். ஸ்டீவியாவின் கசப்பும் நாக்கில் தங்கும். பாதியை மட்டும் மாற்றுங்கள்.

வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். டீ, காபிக்கான சிறு பாக்கெட்டுகளில் பெரும்பாலும் இருப்பது டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் போன்ற நிரப்பிகள். கீழே உள்ள கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. பச்சை இலைத்தூளும் வேண்டாம், கேக்கில் தழை வாசனை வரும். தேவை, சுத்திகரித்த வெள்ளைத் தூள். அது சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு. 250 என்று வைத்துக்கொண்டால், கீழே உள்ள கேக்கில் நாம் நீக்கும் 75 கிராம் சர்க்கரைக்கு 0.3 கிராம் போதும்.

இவ்வளவு சிறிய எடையைச் சமையலறைத் தராசு சரியாகக் காட்டாது. நகை நிறுக்கும் சிறு தராசில் 1 கிராம் நிறுத்து, 100 மி.லி. வெந்நீரில் கரைத்து ஆறவிடுங்கள். இதில் 30 மி.லி., அதாவது 2 மேசைக்கரண்டி எடுத்தால் 0.3 கிராம் கணக்காகிவிடும். மீதியை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

8 அங்குல நீளமுள்ள பிரெட் டின்னுக்கு: மைதா 150 கிராம், பாதாம் தூள் 50 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, பட்டைத்தூள் அரைத் தேக்கரண்டி, வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 75 கிராம், மேலே சொன்ன ஸ்டீவியா நீர் 30 மி.லி., முட்டை 3, கெட்டித் தயிர் 40 கிராம், ஆவியில் வேகவைத்து மசித்த பரங்கிக்காய் 80 கிராம். எடுத்துவிட்ட சர்க்கரையின் பருமனையும் ஈரத்தையும் ஈடுகட்டத்தான் பரங்கிக்காய். மசித்ததில் தண்ணீர் தேங்கினால் துணியில் வடிகட்டுங்கள்.

ஓவனை 170 டிகிரி செல்சியஸில் சூடாக்குங்கள். தயிர், பரங்கிக்காய், ஸ்டீவியா நீர் மூன்றையும் கலந்து ருசி பாருங்கள். இந்தக் கலவை கேக்கைவிடத் தெளிவாக அதிக இனிப்பாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு தேக்கரண்டி ஸ்டீவியா நீர் கூட்டலாம், அதற்கு மேல் போனால் கசக்கும். வெண்ணெயையும் சர்க்கரையையும் 5 நிமிடம், நிறம் வெளுக்கும்வரை அடியுங்கள். சர்க்கரை குறைவு என்பதால் காற்றும் குறைவாகவே ஏறும்; இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. அறை வெப்பத்திலுள்ள முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். பிறகு மைதா, பாதாம் தூள், பேக்கிங் பவுடர், உப்பு, பட்டைத்தூள் சேர்த்துச் சலித்த மாவையும் தயிர்க் கலவையையும் மாற்றி மாற்றிச் சேர்த்து, மாவு மறைந்ததும் நிறுத்துங்கள். ஈரத்தை இழுத்துக்கொள்ளச் சர்க்கரை குறைவாக இருப்பதால் மைதாவின் பசைத்தன்மை வேகமாக வளரும். அதிகம் கிளறினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

35 முதல் 40 நிமிடத்தில் வெந்துவிடும். 30-வது நிமிடமே குச்சி விட்டுப் பாருங்கள். பழக்கத்தில் நிறத்தைப் பார்த்து முடிவு செய்பவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள்: மேலே வெளிறியிருந்தாலும் உள்ளே வெந்திருக்கும். நிறம் வேண்டுமென்றால் சுடும் முன் மேலே பால் தடவலாம்.

இதேபோல் சர்க்கரையைக் குறைத்து பிஸ்கெட் செய்தால் மாவு தானாகப் பரவாது, தட்டையாகத் தட்டி வையுங்கள். ஈஸ்ட் போடும் பன்னுக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரையாவது விடுங்கள். ஸ்டீவியா ஈஸ்ட்டுக்கு உணவாகாது. கேரமலுக்கு ஸ்டீவியா உதவவே உதவாது.

10 துண்டு போட்டால் ஒன்றில் சேர்த்த சர்க்கரை 7.5 கிராம் இருக்கும். நீரிழிவு உள்ளவர்கள் மைதாவின் மாவுச்சத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஈரம் அதிகமுள்ள கேக் என்பதால் வெயில் காலத்தில் மறுநாளே ஃபிரிட்ஜுக்கு மாற்றி, 4 நாளுக்குள் சாப்பிட்டு முடியுங்கள்.