கல்ஃப் கடலுக்கு மீன்பிடிக்கப் போறவங்க ஃப்ளைட் ஏறும் முன்ன பாக்க வேண்டியது

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல நீரோடியிலருந்து மணக்குடி வரைக்கும் எந்தக் கடற்கர ஊர எடுத்தாலும் சவூதி, பஹ்ரைன், கத்தார், ஈரான்னு எங்கயாவது போட்ல நிக்குற ஆளு இருப்பாங்க. புதுசா கெளம்புற தம்பிங்களுக்கும் அவங்க வீட்டுக்காரங்களுக்கும் இத எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு மனசுல வச்சிக்கிடுங்க. சவூதி, குவைத், பஹ்ரைன், கத்தார், ஓமான், எமிரேட்ஸ் ஆறும் 1981ல சேந்து ஒரு கூட்டமைப்பு வச்சாங்க, அந்த நாட்டுக்காரங்க ஐடி கார்ட காட்டிட்டு ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு போயிட்டு வருவாங்க. அத பாத்துட்டு நமக்கும் அப்படித்தான்னு நெனச்சிராதீங்க, பஹ்ரைன் வேல விசா பஹ்ரைனுக்கு மட்டும்தான், அதுலயும் யாரு பேர்ல விசா வந்துச்சோ அந்த அரபி மொதலாளிகிட்டதான் வேல. கரையில இது வெளங்கிரும், கடல்ல கோடு கண்ணுக்கு தெரியாதே. பஹ்ரைனுக்கும் கத்தாருக்கும் நடுவுல உள்ள கடல் எல்லையே ரொம்ப நாள் சண்டையில கெடந்து 2001லதான் ஹேக்ல உள்ள சர்வதேச கோர்ட் தீர்ப்பு சொல்லிச்சு. 2017ல சவூதியும் பஹ்ரைனும் எமிரேட்ஸும் எகிப்தும் கத்தார ஒதுக்கி வச்சதுக்கு அப்பறம் எல்லை தாண்டுன போட்ட பிடிக்கிறதே ரெண்டு நாட்டு அரசியல் ஆயிப்போச்சு. அங்க மீன் கெடக்குன்னு மொதலாளி ஏவுவாரு, ஜெயிலுக்கு போறது நம்ம பயலுவ.

இனி பேப்பர். பத்தாங்கிளாஸ் பாஸ் ஆகாதவங்களுக்கு பெரும்பாலும் ஈசிஆர் (எமிக்ரேஷன் செக் ரெக்வயர்ட்) பாஸ்போர்ட்தான் கிட்டும், அத வச்சி அந்த ஆறு நாட்டுக்கு வேலைக்கு போகணும்னா நம்ம வெளியுறவுத்துறையோட இ-மைக்ரேட் சைட் வழியா எமிக்ரேஷன் கிளியரன்ஸ், அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசாங்க அனுமதி எடுக்கணும். ஏஜென்ட் லைசென்ஸ் உள்ளவரான்னு அதே சைட்ல நம்பர் போட்டு பாருங்க. சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் அதுக்கு மேல ஜிஎஸ்டியும் மட்டுந்தான் வாங்கலாம், ரசீது கேட்டு வாங்குங்க. விசிட் விசாவுல போ, அங்க போயி மாத்திக்கிடலாம்னு யாராவது சொன்னா அந்த ஆள விட்டுருங்க.

ஈரான பத்தி தனியா சொல்லணும். கிளியரன்ஸ் வேணும்னு உள்ள நாடுகள் லிஸ்ட்ல ஈரான் இல்ல. ஏஜென்ட் இத ஈசின்னு சொல்லுவாரு, ஆனா உங்க காண்ட்ராக்ட நம்ம அரசாங்கத்துல ஒருத்தரும் பாக்கலன்னுதான் அதுக்கு அர்த்தம். 2020ல கொரோனா நேரம் நம்மாளுங்க மாசக்கணக்கா அங்க மாட்டிக் கெடந்தாங்க, கடைசில நம்ம கடற்படையோட ஐஎன்எஸ் ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸ்ல இருந்து 687 பேர தூத்துக்குடிக்கு கொண்டு வந்துச்சு, அதுல நம்ம மாவட்டத்து மீனவங்க நெறைய பேரு.

காண்ட்ராக்ட்ல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்ச ஒருத்தர வச்சி வாசிச்சி கேளுங்க. சம்பளமா, பிடிக்குற மீன்ல பங்கா? பங்குன்னா டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் கழிச்சிட்டா தருவாங்க? தடைக்காலத்துல சோறு யாரு போடுவா, போட்ட பிடிச்சா ஃபைன் யாரு கட்டுவா, திரும்பி வர டிக்கெட் யாரோடது? விசாவுல தொழில் மீனவர்னு இருக்கணும், வேற தொழில் போட்டிருந்தா பிடிபடும்போது அதுவே தனி கேஸ் ஆயிரும். வெளிநாட்டு வேலைக்கு போறவங்களுக்குன்னு உள்ள பிரவாசி பாரதிய பீமா இன்சூரன்ஸ் 10 லட்சம் ரூபா வரைக்கும் இருக்கு, ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாயும் வரியும்தான், தயவு செஞ்சி அத விடாதீங்க.

போன்ல ஜிபிஎஸ் சிக்னல் இல்லாட்டியும் வேல செய்யும், ஆஃப்லைன் மேப் ஏத்தி வச்சி எல்லைய குறிச்சிக்கிடுங்க. எல்லை தாண்டச் சொல்லி வாய்ஸ் மெசேஜ் வந்தா டெலீட் பண்ணாம வீட்டுக்கு அனுப்பிருங்க, நாளைக்கு கேஸ்னு வந்தா அதுதான் கையில உள்ள சாட்சி.

அரசாங்கம் ரெண்டு உக்காந்து பேசினா எல்லை எவ்வளவு லேசாகும்னு நமக்கு தெரியும், 1950ல போட்ட ஒப்பந்தத்தால நேபாளத்துக்கு நம்மாளுங்க விசா இல்லாம போறாங்க. கல்ஃப்ல அந்த அளவுக்கு நான் கேக்கல. போட் எல்லை தாண்டினா தண்டனை ஓனருக்கு, கூலிக்கு போனவன ஊருக்கு அனுப்பணும்னு ஒரு வரி, ரெண்டு அரசாங்கமும் போடுற ஒப்பந்தத்துல வேணும். எம்பி எலெக்ஷனுக்கு ஓட்டு கேட்டு கடற்கரைக்கு வர்ற எல்லார்கிட்டயும் இத கேளுங்க, துறைமுகம், அலைய தடுக்குற தூண்டில் வளைவு கேக்குற மாதிரியே கேளுங்க.

வீட்டுல இருக்கிறவங்க பாஸ்போர்ட், விசா, இக்காமா (அங்க தங்குறதுக்கான கார்டு), காண்ட்ராக்ட் எல்லாத்துக்கும் ஜெராக்ஸும், போட் ரெஜிஸ்டர் நம்பர், அரபியோட போன் நம்பரும் எடுத்து ஒரு கவர்ல வைங்க. பிடிச்சிட்டாங்கன்னு தகவல் வந்தா அன்னைக்கே அதோட ஒரு காப்பி நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்லயும் இன்னொண்ணு மீன்வளத்துறையிலயும் மனுவோட குடுங்க, வெளியுறவுத்துறையோட புகார் சைட்டான மதத் போர்ட்டல்லயும் பதிஞ்சி அந்த புகார் நம்பர எழுதி வைங்க, வெளிநாட்டுல வேல செய்றவங்களுக்கான அரசாங்க உதவி நம்பர் 1800 11 3090க்கு கூப்பிட்டும் சொல்லுங்க. பாஸ்போர்ட் நம்பர் இருந்தாத்தான் எம்பசிக்காரங்க ஆளு எந்த ஜெயில்ல இருக்காருன்னு சீக்கிரமா தேட முடியும்.